எடு, திற, பார்

பத்மநாபபுரம் கொட்டாரத்தை, அதாவது அரண்மனையை, ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. வாசல் முகப்பான பூமுகத்தில் குதிரை விளக்கு தொங்கும். எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே பார்த்து நிற்கும். அங்கிருந்து மாடிக்குக் குறுகலான மரப்படி. குனிந்து ஏறி நிமிர்ந்தால், ஆலோசனைக் கூடமான மந்திரசாலை. அபிரகத் தகடுகள் வழியே நிறம் நிறமாய் இறங்கும் மங்கல் வெளிச்சம், காலடியில் கண்ணாடிபோல் கறுத்த தரை. அடுத்த வாசலுக்குள் கால் வைக்கும்வரை அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. தக்கலைக்கு வரும் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த மரவீடு பழக்கிய ருசி எனக்கு மறுபடி கிடைத்தது, எழுத்தால் மட்டுமே ஆன கணினி விளையாட்டுகளில்தான்.

படம் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைத் திரை நாலு வரியில் சொல்லும். 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்று நீங்கள் தட்ட வேண்டும். 1976 வாக்கில் இதைத் தொடங்கிவைத்த வில் க்ரௌதர் நிரலாளர். குகைகளுக்குள் ஊர்ந்து வரைபடம் எடுத்தவரும்கூட. மணமுறிவுக்குப் பின் தன் மகள்களுக்காக, கெண்டக்கியின் மாமத் குகையைச் சொற்களில் கட்டினார். மறு ஆண்டு டான் உட்ஸ் அதை விரித்தார். முழங்கால் தேய நடந்தறிந்த இடம் என்பதால்தான் அந்த வர்ணனையில் ஒரு சொல்கூட மிகையில்லை.

இந்த எழுத்து விளையாட்டுகளில் வயது வந்தோருக்கான ஆட்டமும் உண்டு என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஸ்டீவ் மெரெட்ஸ்கி எழுதி இன்ஃபோகாம் 1986-இல் வெளியிட்ட 'லெதர் காடஸஸ் ஆஃப் போபோஸ்' விளையாடினால் அந்தச் சுளிப்பு தளரும். அடக்கம், சாடை, விரசம் என்று மூன்று தரத்தில் அதை ஆடலாம். நீங்கள் ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. தொடக்கத்தில், மதுக்கூடத்தின் எந்தக் கழிப்பறைக்குள் நுழைகிறீர்களோ அதைக் கொண்டு முடிவு செய்துகொள்ளும். கேள்வி வரவேண்டிய இடத்தில் ஒரு செய்கை. இதைத்தான் கைத்தேர்ச்சி என்பேன்.

ஆனால் முதிர்ச்சிக்கு என் உரைகல் ஆடம் கேட்ரே 1998-இல் எழுதிய 'ஃபோட்டோபியா'. சிறியது, ஓர் இரவில் முடிந்துவிடும். காட்சிக்குக் காட்சி நீங்கள் வேறொருவராக மாறுவீர்கள்; கதை ஒரு பெண்பிள்ளையையே சுற்றி வரும். அவளுக்கு நேரப்போவதைப் பாதியிலேயே ஊகித்துவிடுவீர்கள். காப்பாற்ற ஏதேதோ தட்டுவீர்கள். ஆட்டம் இடம் கொடுக்காது. நாவலில் ஒரு சாவைப் படித்தால் துக்கம் வரும். இங்கே, நம் விரலும் அதில் இருந்ததே என்ற பதைப்பும் சேர்ந்துகொள்ளும். நடுவில் ஒரு பளிங்குச் சுழல்பாதை உண்டு. வெளியேறும் வழியை நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு வினைச்சொல் உங்களுக்கே தோன்ற வேண்டும்.

வினைச்சொல் என்றதும் நினைவுக்கு வருகிறது: இந்தக் கலைக்கும் தமிழுக்கும் பிறவிப் பொருத்தம் உண்டு. எடு, திற, பார், நில் என நம் வினைப்பகுதியே ஏவலாக நிற்கிறது. பொருள் முதலில் வரும், செயல் கடைசியில். 'கதவை' என்று தட்டிவிட்டு, திறக்கவா தாழிடவா என்று ஒரு கணம் தயங்கலாம். அந்தத் தயக்கத்தில் பாதி நாடகம் இருக்கிறது. உருபும் சந்தியும் நிரலாளருக்கு வேலை வைக்கும்; வைக்கட்டும்.

நான் ஒன்று எழுதினால் கொட்டாரத்து நவராத்திரி மண்டபத்தில் தொடங்குவேன். மெருகேறிய கருங்கல் தூண்கள், விளக்கொளி, நடுவில் ஆடும் பெண். அரண்மனைப் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் ஆட்டம் பார்த்த மரத்தடுப்பின் துளைகளுக்குப் பின்னால் ஆட்டக்காரரை உட்காரவைப்பேன். 'போ' என்றால் கதவு சாத்தியிருக்கும். 'கூப்பிடு' என்றால் மத்தள ஓசையில் குரல் அமுங்கிவிடும். நெடுநேரம் 'பார்' ஒன்றுதான் பலிக்கும். பிறகு ஒருமுறை, ஆடுகிறவள் நிமிர்ந்து அந்தத் துளையைப் பார்ப்பாள்.