மடக்கி வைத்த எடை

ஒவ்வொரு மார்ச் மாதமும் எங்கள் கல்லூரியில் மகளிர் தினக் கண்காட்சி நடக்கும். சார்ட் அட்டைகளில் பெண் சாதனையாளர்களின் படத்தை ஒட்டி, கீழே ஸ்கெட்ச் பேனாவில் நான்கு வரி எழுதி, முதல் மாடிக் கூடத்தில் மாட்டுவார்கள். தமிழ்த்துறை என்பதால் பிழைதிருத்தும் வேலை என்னிடம் வரும். பதினைந்து வருடங்களாக அந்த அட்டைகளைப் படித்துப் படித்து, அவற்றை ஓர் இலக்கிய வகையாகவே பார்க்கத் தொடங்கிவிட்டேன். பரணிக்கும் பிள்ளைத்தமிழுக்கும் இலக்கணம் இருப்பதுபோல இதற்கும் ஒன்று உண்டு. பெண் எளிய குடும்பத்தில் பிறப்பாள், தடைகளைத் தாண்டுவாள், கண்டுபிடிப்பாள், கடைசி வரியில் ஆண்கள் உயிர் பிழைப்பார்கள்.

கடைசி வரியை விளையாட்டாகச் சொல்லவில்லை. அறிவியல் வரிசையில் மேரி கியூரிக்கு அடுத்த அட்டை எப்போதும் ஸ்டெபனி குவோலெக். குண்டு துளைக்காத உடைக்கான கெவ்லார் இழையைத் தந்தவர். அவர் முகத்தைவிடப் பெரிதாக, அந்த உடையணிந்த ஒரு போலீஸ்காரரின் படம் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு வேதியியல் மாணவி ஒருத்தி மேரியன் டோனவன் என்று இன்னோர் அட்டை எழுதிக் கொண்டுவந்தாள். குழந்தைகளுக்கான நீர் கசியாத டயப்பர் உறையை உருவாக்கியவர். அதைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர் சிரித்துவிட்டு, "இதையெல்லாமா பிரின்சிபால் வர்றப்ப வைக்கிறது?" என்றார். அட்டை கூடத்தின் கோடிக்கு, கழிவறைக்குப் போகும் சுவருக்கு மாறியது. நானும் அங்கேதான் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெட்கத்தில் படிக்கத் தொடங்கியவைதான் இங்கே எழுதுபவை.

முதலில் குவோலெக். அவர் கெவ்லாரைத் 'தற்செயலாக'க் கண்டுபிடித்தார் என்று எழுதுவது அட்டை மரபு. அந்தச் சொல்லை நான் இப்போது அடித்துவிடுகிறேன். 1946இல் அவர் டியூபான்ட் நிறுவனத்தில் சேர்ந்தது மருத்துவம் படிக்கப் பணம் சேர்ப்பதற்காக. வேதியியல் பிடித்துப்போய் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார். 1960களின் நடுவில், டயர்களுக்கு எஃகுக்குப் பதிலாக லேசான, வலுவான இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நூற்பதற்கான பாலிமர் கரைசல் வழக்கமாகத் தெளிவாக, பாகுபோல் கெட்டியாக இருக்கும். அவருக்கு வந்ததோ கலங்கலாக, மோர்போல நீர்த்துக் கிடந்தது. நூற்பு எந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் அதை உள்ளே விடத் தயங்கினார். துகள் இருந்தால் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்பது அவர் பயம். குவோலெக் வடிகட்டிப் பார்த்தார். துகள் இல்லை. விடாமல் கேட்டு நூற்க வைத்தார். வந்த இழை நைலான் அறுந்துபோகிற இடத்தில் அறவில்லை. வளையாத நீண்ட மூலக்கூறுகள் தீப்பெட்டிக்குள் குச்சிகள்போல ஒரே திசையில் படுத்திருந்ததால்தான் கரைசல் கலங்கலாகத் தெரிந்தது. இழையின் வலுவும் அதில்தான் இருந்தது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு.

மோர் என்றதும் வகுப்பில் ஒருத்தி, "அதான் மேம், கிச்சன் அறிவு" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மோரைப் பார்த்துப் பழகிய கண் அல்ல அது. ஏறக்குறைய இருபது வருடம் கரைசல்களைப் பார்த்துப் பழகிய கண். ஆய்வகத்தில் ஒரு பெண்ணின் உழைப்பை 'தற்செயல்' என்பதும் 'சமையலறை உள்ளுணர்வு' என்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. காப்புரிமை நிறுவனத்துக்குப் போனதையும் அட்டைகள் சொல்வதில்லை. நிறுவன ஆய்வாளர்கள் எல்லோருக்கும், ஆண்களுக்கும், அன்று அதுதான் வழக்கம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

கெவ்லார் பிறந்த அதே 1965இல் இங்கிலாந்தில் இன்னொன்று காப்புரிமைக்குப் போனது. ஓவன் மக்ளேரன் என்ற விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் வேலை செய்தவர். மாஸ்கோவிலிருந்து வந்த மகள், கனமான குழந்தை வண்டியோடு படும் பாட்டைப் பார்த்து, அலுமினியக் குழாய்களால் குடைபோல மடங்கும் தள்ளுவண்டி ஒன்றைச் செய்தார். சுமார் 3 கிலோ எடை. இன்று மால்களிலும் விமான நிலையங்களிலும் நாம் பார்க்கும் மடக்கு வண்டிகளுக்கு அதுவே மூத்தது. நல்ல கண்டுபிடிப்பு. எனக்கு வண்டியின் மீது புகார் இல்லை, கதையின் மீதுதான். நான் படித்த குறிப்புகளில் தாத்தாவின் பெயர் இருக்கிறது, விமானத்தின் பெயர் இருக்கிறது, மகளின் பெயர் இல்லை. பாடுபட்டவள் அவள்.

மடக்கு வண்டி விளம்பரங்களில் 'ஒரே கையால் மடக்கலாம்' என்று போடுகிறார்கள். மறு கையில் குழந்தை இருக்கிறது என்பதை அந்த வாக்கியம் ஒப்புக்கொள்கிறது. பக்கத்தில் இன்னொருவர் இருக்கலாமே என்பது மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

டோனவன் கதை வேறு மாதிரி. ஆங்கில இலக்கியம் படித்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் கூடுதல் பிரியம். அன்று துணி டயப்பருக்கு மேலே மாட்டிய ரப்பர் ஜட்டி குழந்தையின் தோலைச் சிவக்கவைத்துப் புண்ணாக்கியது. மாட்டாவிட்டால் படுக்கை முழுக்க ஈரம். டோனவன் 1946இல் குளியலறைத் திரையை வெட்டித் தைத்துப் பார்த்தார். பிறகு பாராசூட்டுக்கான நைலான் துணிக்கு மாறினார். ஊக்குக்குப் பதில் அழுத்தினால் ஒட்டும் பொத்தான். தயாரிப்பாளர்கள் யாரும் ஏற்காததால் தானே செய்து, 1949இல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் விற்பனைக்கு வைத்தார். 1951இல் காப்புரிமை வந்தது. உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்து, உறிஞ்சும் காகிதத்தில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் டயப்பர் என்ற யோசனையோடு போனபோது தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பேம்பர்ஸ் 1961இல் வந்தது, அவர் பெயரில் அல்ல.

இன்றைய டயப்பருக்குள் இருப்பது காகிதக்கூழ் மட்டுமல்ல. சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைத் தூள், தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். 1980களில் டயப்பருக்குள் வந்தது. நம் நாப்கின்களிலும் இருக்கிறது. என் ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களை நான் எழுதியது அந்தத் தூளின் தயவில். மகளுக்கு எட்டு மாதம். இரவு டயப்பரை மாட்டினால் விடியும்வரை எழுதலாம். காலையில் அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவேன். ஒருநாள் நான் வாசலில் நிற்கும்போதே தூய்மைப் பணியாளர் அம்மா கூடையைக் கவிழ்த்தார். பை கிழிந்திருந்தது. ஊறிக் கனத்துக் கிடந்ததை வெறுங்கையால் எடுத்து வண்டியில் போட்டார். என்னைப் பார்க்கவும் இல்லை.

லேசாக்கும் தொழில்நுட்பம் எதைப் பற்றிப் படித்தாலும் இப்போது எனக்கு அந்தக் கை நினைவுக்கு வருகிறது. என் கையிலிருந்து இறங்கிய எடை எங்கேயும் மறைந்துவிடவில்லை, கை மாறியிருந்தது. எந்தச் சாதிப் பெண்களின் கைக்கு மாறியது என்பதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னதும், துணிக்கே திரும்புங்கள் என்று இயற்கை வாழ்வு பேசும் ஆண்கள் வந்துவிடுவார்கள். அவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. துணியை யார் துவைப்பது என்பதை மட்டும் அவர்கள் சொல்லமாட்டார்கள். தூளி இருக்கத் தொட்டில் எதற்கு என்பதும் அதே குரல்தான். பழைய புடவை ஒன்று போதும், மடித்தால் கைக்குள் அடங்கும், உண்மைதான். ஆனால் தூளிக்கு உத்தரம் வேண்டும். வாடகை வீட்டின் கான்கிரீட் கூரையில் கொக்கி அடிக்க உரிமையாளர் விடவில்லை. மடக்கு ஸ்டாண்டோடு ஸ்பிரிங் தொட்டில் வாங்கினோம். 1885இல் சிகாகோவில், கறுப்பினப் பெண்ணான சாரா குட் மடக்குக் கட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். பகலில் எழுதுமேசை, இரவில் படுக்கை. அவருடைய கடைக்கு வந்தவர்களும் இடம் போதாத வீட்டுக்காரர்கள்தான்.

மடக்குவது இடத்தோடு சமரசம் செய்துகொள்வது. சமரசத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது எனக்குச் சக்கர நாற்காலியில்தான் முழுதாகப் புரிந்தது.

1918இல் விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியாளருக்குக் காருக்குள் அடங்கும் நாற்காலி தேவைப்பட்டது. நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் இயந்திரப் பொறியாளர். 1933இல் இருவரும் செய்த நாற்காலியில் இருக்கைக்கு அடியில் இரண்டு குழாய்கள் கத்தரிக்கோல்போலக் குறுக்காக ஓடும். இருக்கையின் நடுவைப் பிடித்து மேலே இழுத்தால் இரண்டு சக்கரங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் விற்பதும் முகாம்களில் கொடுப்பதும் பெரும்பாலும் அந்தக் கத்தரிக்கோலின் வாரிசுகளே.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. இடது பக்கம் இயங்காது. அப்படி ஒரு நாற்காலியைத்தான் வாங்கினோம். இரும்புக் குழாய், 17 கிலோ. மடங்க வேண்டுமென்றால் உட்காரும் இடம் பலகையாக இருக்க முடியாது, ரெக்ஸினாக இருக்க வேண்டும். ரெக்ஸின் நாளாக ஆகத் தொட்டில்போல் தொய்யும். தொய்ந்தால் தொடைகள் உள்ளே சாயும், இடுப்பு சரியும், முதுகு வளையும், ஒரே இடத்தில் அழுத்தம் ஏறும். சித்திரை வெயிலில் அந்த ரெக்ஸினில் வியர்வை வடிய வழியில்லை. இரண்டாம் வருடம் அம்மாவுக்குப் புட்டத்தில் புண் வந்தது. பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டு, நல்ல நுரை மெத்தை ஒன்றைப் பலகையோடு சேர்த்துப் போடச் சொன்னார். போட்டோம். அதன்பின் மடக்க வேண்டுமென்றால் முதலில் அதை எடுக்க வேண்டும். நாற்காலி மடங்குவது தூக்குகிற எனக்கு வசதி. அந்த வசதிக்கான விலையை அம்மாவின் தோல் கொடுத்துக்கொண்டிருந்தது. பராமரிப்பவள் பக்கம் நின்றே எழுதிப் பழகிய எனக்கு இது சங்கடமான கணக்கு. இருவரும் பெண்கள். ஒருத்தியின் முதுகைக் காப்பாற்ற இன்னொருத்தியின் இடுப்பைக் கேட்கும் பொருள் ஒன்றை இருவரும் சேர்ந்து காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

என் இரண்டாவது கவிதை நூல் வெளியீட்டுக்கு அம்மா வந்தாள். அரங்கம் முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. சக்கர நாற்காலியோடு சேர்த்துத் தூக்குவது கஷ்டம் என்று யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். கல்யாண மண்டபத்திலும் டீக்கடையிலும் எழவு வீட்டிலும் கிடக்கும் அதே நாற்காலி. பாலிப்ரொப்பிலீனை உருக்கி ஒரே வார்ப்பில் செய்வது. ஒரு கையால் தூக்கிவிடலாம். நம் ஊரில் முதியவர்கள் மாடியேறுவது அதில்தான். இரண்டு தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நாற்காலியின் கை வளைந்தது. அம்மாவிடம் இருந்தது இயங்குகிற ஒரே கை. அதால் நாற்காலியைப் பிடிப்பதா, விலகும் புடவையைப் பிடிப்பதா? அம்மா புடவையைத்தான் பிடித்தாள். படி முழுக்க அப்படியே போனாள். மடக்கிய சக்கர நாற்காலி கீழே சுவரில் சாய்ந்திருந்தது. மேடையில் நான்கு பேர் என் கவிதைகளில் உடல் என்ற தலைப்பில் பேசினார்கள். அரங்கத்தைப் பதிவு செய்தவள் நான். படி எத்தனை என்று கேட்கத் தோன்றவில்லை.

பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஐந்தாண்டுக் கெடு வைத்தது. கெடு முடிந்துவிட்டது. கட்டடம் அசையாத வரைக்கும் மடங்க வேண்டியது நாற்காலியும் அதில் இருப்பவரும்தான்.

மெரிலின் ஹாமில்டன் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். கலிஃபோர்னியாக்காரர். 1978இல் ஹேங் கிளைடரில் பறக்கும்போது விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். மருத்துவமனை கொடுத்த கனத்த நாற்காலி பிடிக்கவில்லை. கிளைடர் செய்யும் நண்பர்கள் இருவரிடம், நீங்கள் பறக்கவிடும் அலுமினியக் குழாயில் எனக்கு நாற்காலி செய்யுங்கள் என்று கேட்டார். வந்த நாற்காலி 26 பவுண்டு, அதாவது 12 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. குரோம் பளபளப்புக்குப் பதில் வண்ணங்கள். 'குவிக்கி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அவர்களின் முதல் வடிவம் மடங்காது என்பதுதான் என்னை நிறுத்திய செய்தி. இறுகிய சட்டம், உட்கார்ந்திருப்பவர் கை தள்ளும் விசை வீணாகாமல் சக்கரத்துக்குப் போகும். மடங்கும் மாதிரி பிறகு வந்தது. எவரெஸ்டும் நாற்காலியில் இருந்தவர்தான், அதை மறக்கவில்லை. வீட்டிலேயே கிடப்பதா, மடங்கியாவது காரில் ஏறுவதா என்பது அவர் காலத்துத் தேர்வு. ஹாமில்டன் கேட்டது அதற்கு அடுத்த கேள்வி: நான் தள்ளும்போது இது எப்படி ஓடும்?

இந்த மார்ச்சில் ஹாமில்டன் அட்டையை நானே எழுதினேன். டோனவன் அட்டையைக் கூடத்தின் வாசலில் வைக்கச் சொன்னேன். மறுத்த சக ஆசிரியரிடம் நாப்கின் வாங்குவீர்களா என்று கேட்டேன், பேச்சு நின்றது. குவோலெக் அட்டையில் போலீஸ்காரர் இல்லை. வேதியியல் மாணவிகள் தீப்பெட்டிக் குச்சிகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன், வந்து பார்க்கிறாயா என்று.

"எத்தன படி?"

இந்த முறை எண்ணி வைத்திருந்தேன். இருபத்திரண்டு.

"நீ போன்ல எடுத்துட்டு வந்து காட்டு" என்றாள்.