மெதுவாகப் பேசும் ஜானஸ்

கடல்நீரில் ரேடியோ அலை மிகச் சீக்கிரம் அடங்கிவிடும். தொலைவுக்குப் போவது ஒலி மட்டும்தான். அதுவும் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர்தான் போகும். கடல்மட்டத்திலும் அடித்தரையிலும் பட்டு வரும் எதிரொலிகள் வேறு மூலச் செய்தியோடு கலந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில், ஒரு நிறுவனத்தின் ஒலி மோடம் பேசுவது இன்னொன்றின் மோடத்துக்குப் புரியாமலே வெகுகாலம் போயிற்று. இத்தாலியின் லா ஸ்பெசியாவில் உள்ள நேட்டோ ஆய்வு மையம் உருவாக்கிய ‘ஜானஸ்’ முறை, 2017-இல் நேட்டோ தரநிலையாகி அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தது.

ஜானஸ் பேசும் விதம் எளிமையானது. 0 என்றால் ஓர் அதிர்வெண், 1 என்றால் இன்னொன்று. இப்படி 13 ஜோடிகள், 9,440 முதல் 13,600 ஹெர்ட்ஸ் வரை. 6.25 மில்லிநொடிக்கு ஒருமுறை ஜோடி மாறும். முந்தைய ஒலியின் எதிரொலி வந்து சேரும்போது, கேட்கும் கருவி வேறு ஜோடிக்குப் போயிருக்கும். ஒலியலையின் கட்டத்தைத் துல்லியமாகத் தொடரவேண்டிய தேவையும் இல்லை. எந்த அதிர்வெண்ணில் ஆற்றல் கூடுதல் என்று பார்த்தால் போதும். அதனால் பழைய, மலிவான கருவிகூட இதைப் பேசும். இதன் பெரும்பலம் இதுதான் என்பேன்.

விலை, வேகம். நொடிக்கு ஏறத்தாழ 80 பிட். 64 பிட் கொண்ட ஓர் அடிப்படைப் பொட்டலம் போக ஒரு நொடி ஆகிவிடும். கட்டத்தைப் பயன்படுத்தும் முறைகள் நல்ல நீர்நிலையில் நொடிக்கு ஆயிரக்கணக்கான பிட் அனுப்புகின்றன. ஆனாலும் இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஜானஸைப் பயன்படுத்தாவிட்டாலும், சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சுனாமி மிதவைகளைப் பாருங்கள்: கடலடி அழுத்தமானி மேலே அனுப்பவேண்டியது சில எண்கள்தான். அவை தவறாமல் போய்ச் சேர்ந்தால் போதும். ஜானஸில் அறிமுகமாகிவிட்டு, இரு கருவிகளும் வேகமான முறைக்கு மாறிக்கொள்ளவும் வழியுண்டு.

என்னை உறுத்துவது வேறு இரண்டு. பேசுமுன் அலைவரிசை ஓய்வாக இருக்கிறதா என்று ஜானஸ் கேட்டுப் பார்க்கிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒருவர் பேசத் தொடங்கியிருந்தால், அந்த ஒலி இங்கே வர இரண்டு நொடி ஆகும். அதற்குள் ‘யாருமில்லை’ என்று நாமும் பேசிவிடுவோம். கருவிகள் கூடக்கூட மோதலும் கூடும்.

இரண்டாவது கவலை இன்னும் பெரியது. அடிப்படைப் பொட்டலத்தில் பிழையைக் காட்டும் 8 பிட் சோதனை உண்டு. அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்ய எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த மொழியில் போலி அபாயக் குரலையும் எழுப்பலாம். நீர்மூழ்கி மீட்பு போன்ற வேலைக்கு இதை நம்பவேண்டுமானால், அடுத்த திருத்தத்தில் வேகத்தைக் கூட்டுவதற்கு முன், சில பிட்களையாவது அடையாளச் சான்றுக்கு ஒதுக்கவேண்டும்.