ஒட்டு மைக்கும் ஊமைக் குடமும்

குறைந்த செலவில் வீணையைப் பதிவு செய்ய ஆசைப்படும் இளைஞருக்கு இன்று கிடைக்கும் முதல் அறிவுரை: பலகையில் ஒரு கான்டாக்ட் மைக்கை ஒட்டு, போனில் செருகு, மிச்சத்தை எக்கோ பார்த்துக்கொள்ளும். ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் இந்தப் பேச்சுக்கு வலு அதிகம். ஆடிக் காற்று ஜன்னலை உலுக்கும். ஜன்னலைச் சாத்தினால் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. தெருவில் ஒலிபெருக்கி ஓயாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒட்டு மைக்குக்கு இவை எதுவும் கேட்காது. ஏழைக்கு இதுவே ஸ்டூடியோ என்கிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு நியாயமான பிறப்பிடம் உண்டு. மிருதங்கமும் கடமும் பக்கத்தில் முழங்க, பெரிய சபாவில் கடைசி வரிசைவரை வீணை கேட்க வேண்டுமானால் மின்பெருக்கம் இல்லாமல் முடியாது. மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்ட யு. ஸ்ரீநிவாஸ், கருவியில் பொருத்திய பிக்கப்பின் ஒலியையே தன் குரலாக்கி ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டார். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கருவி மின்சாரத்தை நம்பியே செய்யப்பட்டது. தஞ்சாவூர் வீணை அப்படிப்பட்டதல்ல.

பலாமரத்தைக் குடைந்து குடம் செய்வது அதற்குள் இருக்கும் காற்றுக்காக. கம்பி அதிர்ந்து, குதிரை அசைந்து, மேற்பலகை முழுவதும் பல இடங்களில் பல விதமாய்த் துடித்து, குடத்துக் காற்றும் சேர்ந்து வெளியே வந்த பிறகுதான் அது வீணை ஒலி. ஒட்டு மைக்குக்குத் தெரிவதோ பலகையில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தின் துடிப்பு மட்டும். அரை அங்குலம் நகர்த்தி ஒட்டினால் வேறு வீணை போலக் கேட்பது அதனால்தான். அறைக் காற்றில் கலந்து இரண்டு மூன்று அடி தாண்டி வந்த ஒலியை அது அறியவே அறியாது.

இழப்பு எவ்வளவு என்பதற்கு சி.வி. ராமனே சாட்சி. இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி 1921-இல் எழுதிய கட்டுரையில் வீணையின் குதிரையை அவர் ஆராய்ந்திருக்கிறார். கம்பியை ஓர் இடத்தில் மீட்டினால் அந்த இடத்தில் அசைவற்று நிற்கும் மேல்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது இயற்பியல் பாடம். வீணையிலோ அவையும் ஒலிக்கின்றன. வளைந்த பித்தளைக் குதிரைமேல் கம்பி தொட்டும் விலகியும் உரசுவதால் விளையும் செல்வம் அது. ஒரு மீட்டு பல விநாடி நின்று நிறம் மாறிக்கொண்டே கரைவதற்குக் காரணமும் அதுவே. இந்தக் கரைதலை நம்பித்தான் வீணையின் கமகம் நிற்கிறது. ஒரே மீட்டில் கம்பியை இழுத்து மூன்று நான்கு சுரங்களைத் தொடும்போது, கடைசிச் சுரத்துக்கு உயிர் கொடுப்பது மீட்டின் மிச்சம்தான்.

ஒட்டு மைக் இந்த இடத்தில்தான் கெடுக்கிறது. மீட்டு நகத்தின் ‘டக்’ பெருக்கிறது, விரல் மெட்டுகளின்மேல் வழுக்கும் கீச்சு பெருக்கிறது, நடுவே இருக்க வேண்டிய இசை மெலிகிறது. போனில் நேரே செருகினால் இன்னும் மோசம். பீசோ வகையைச் சேர்ந்த இந்த ஒட்டு மைக்குக்குப் பத்து லட்சம் ஓம் அளவு உள்ளீட்டு மின்மறுப்பு தேவை. போனின் மைக் துளையில் அதில் மிகச் சிறு பங்குதான் இருக்கும். விளைவு, அடிச்சுரங்கள் வடிந்துபோகும். மந்தரக் கம்பியும் அனுமந்தரக் கம்பியும் தகரம் தட்டியதுபோல் வரும். இடையில் ஒரு ப்ரீஆம்ப் வைத்தால் அடிச்சுரம் திரும்பும், ஆனால் குடத்துக் காற்று திரும்பாது. மலிவு என்ற வாதமும் ப்ரீஆம்ப் வாங்கும் அன்றோடு ஆட்டம் காண்கிறது.

இந்த வறட்சியை மறைக்கத்தான் எக்கோ வருகிறது. ராமேஸ்வரத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் பிரகாரமே கண்ணெதிரே இருக்கும்போது அதற்குக் ‘கோயில் எக்கோ’ என்ற பெயர் இனிக்காமல் எப்படி இருக்கும்? ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள் நிற்கும் அந்த மூன்றாம் பிரகாரம் நாகஸ்வரத்துக்கு உகந்தது. ஆனால் அங்கே வீணையின் நுண்கமகம் கல்லில் மோதி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தது சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில். சங்கீத வித்வான்களே அங்கே தேடிப்போய் மூச்சடக்கிக் கேட்டார்கள். ராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்து இசையும் அரண்மனைச் சபையில் நெருங்கி அமர்ந்து கேட்கப்பட்டதுதான். வீணைக்கு உரிய இடம் வீட்டு அறை. அந்த அறை ஆரம்பக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிறது, செலவில்லாமல் இருக்கிறது. அதைப் பதிவிலிருந்து துரத்திவிட்டு, பொய்ப் பிரகாரம் ஒன்றை மென்பொருளில் தேடுவது எந்த விதத்தில் சிக்கனம்?

அறையின் ஒலியையே நம்பிப் பதிந்தவர்கள் உண்டு. கனடாவின் கவ்பாய் ஜங்கீஸ் இசைக்குழு 1987 நவம்பரில் டொரண்டோவின் தேவாலயம் ஒன்றில் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே நாளில் ஒரு முழு ஆல்பத்தின் பெரும்பகுதியை முடித்தது. யார் எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதை அறையின் ஒலியைக் கேட்டே முடிவு செய்தார்கள். எந்த வீட்டிலும் செய்யக்கூடிய வேலை அது. கைக்கு அடக்கமான ஸ்டீரியோ பதிவுக் கருவி ஒன்று, கடன் வாங்கியதானாலும் சரி, வீணையிலிருந்து இரண்டரை அடி தள்ளி, குதிரைக்கும் குடத்துக்கும் பொதுவாக, சற்று மேலே இருந்தால் போதும். கீழே ஜமக்காளம், சுவரோரம் மெத்தை, திறந்த துணி பீரோ. போனிலேயே பதிந்தாலும் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். கரையும் நாதத்தையும் இரைச்சல் என்று எண்ணி அது வெட்டிவிடும்.

ஃபேன் என்ன ஆவது என்பார்கள். எதிர்த்தரப்பின் மிக நல்ல கேள்வி இதுதான். வெயில் ஏறினால் மெட்டுகளைத் தாங்கும் மெழுகே இளகும், வாசிப்பவர் என்ன செய்வார்? விடியலுக்கு முன் பதிய வேண்டும். எட்டு நிமிடக் கீர்த்தனைக்கு எட்டு நிமிடம் ஃபேனை நிறுத்தலாம். தூரத்தில் ஒரு காகம் கரைந்தாலும், வாடைக் காற்று ஓட்டில் உராய்ந்தாலும், அவை இசைக்கு வெளியே இருக்கும். கேட்பவர் காது அவற்றை விலக்கிக்கொள்ளும். ஒட்டு மைக்கின் தகரமோ ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. அதை எந்தக் காதும் விலக்க முடியாது.

ராமேஸ்வரத்தில் வீணை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது பேக்கரும்பில் 2017-இல் திறந்த அப்துல் கலாம் நினைவிடமும் அங்கே வீணையோடு அமர்ந்திருக்கும் அவர் சிலையும். அந்த ஊரிலிருந்து வாசிப்பின் நாதமும் வெளியே போக வேண்டும். வீணை வாசித்த முத்துசுவாமி தீட்சிதர் அந்த ஊர் இறைவன்மேல் காசிராமக்ரியாவில் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். முதல் பதிவுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. அதை ஒருமுறை ஒட்டு மைக்கிலும், ஒருமுறை அறையில் வைத்த கருவியிலும் பதிந்து, எக்கோ சேர்க்காமல் அடுத்தடுத்துக் கேட்கலாம். காந்தாரத்தில் கம்பி இழுபடும் இடம்வரை கேட்டாலே போதும்.