தலைவி எனும் விருது, தன்னார்வலர் எனும் பெயர்

பெண்கள் செய்கிறார்கள், ஆண்கள் தலைமை தாங்குகிறார்கள்: உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்புக்கு இதுதான் பொருள். உலகின் சுகாதாரப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள். உயர் பொறுப்புகளிலோ 25 சதவீதம்தான். ஊதியமில்லாத உழைப்பைப் பற்றியும் அந்த அறிக்கை பேசுகிறது. ஆனால், மேடைகளில் திரும்பத் திரும்ப ஒலிப்பது 25 என்ற எண் மட்டுமே. இந்த வாசிப்போடுதான் எனக்குப் பிணக்கு.

2005இல் இந்தியாவில் தொடங்கிய ஆஷா திட்டத்தில் இன்று பத்து லட்சம் பெண்கள் வரை இருக்கிறார்கள். கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும், தடுப்பூசிக்குக் குழந்தைகளைத் திரட்டுவதும் அவர்கள்தாம். அரசு அவர்களை ஊழியர் என்று அழைப்பதில்லை, தன்னார்வலர் என்கிறது. அவர்களுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. 2022இல் அதே உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்களுக்கான விருதை வழங்கியது. ஜெனீவாவில் தலைவி, சொந்த ஊரில் தன்னார்வலர்.

இந்த முரணை 25 சதவீதக் கணக்கு காட்டாது. அது நாற்காலிகளை மட்டுமே எண்ணுகிறது. நாற்காலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதி நாற்காலிகள் நமக்கு உரியவை. ஆனால், அங்கே அமரும் பெண்ணிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: தன்னார்வலர் என்ற சொல்லை எப்போது அழிக்கப்போகிறீர்கள்?