ஒன்தாவின் கொத்துத் தடங்கள்

பிஸென் மட்பாண்டங்களின் பக்தர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சாம்பல் உருகிப் படிந்த அந்தச் செம்பழுப்பு மேனியின் அழகை யார் மறுப்பார்? ஆனால் அங்கே பாதிப் பெருமை நெருப்புக்குப் போய்விடுகிறது. கைவேலையை மட்டும் பார்த்து ரசிக்க வேண்டுமானால், ஜப்பானின் கியூஷூவில் ஹிதா நகரத்துக்கு வெளியே, மலை இடுக்கில் கிடக்கும் ஒன்தா சராயாமாவுக்குத்தான் போக வேண்டும்.

என் மனம் அங்கே சிக்கிக்கொண்டது தொபிகன்னா என்னும் கொத்து வேலைப்பாட்டில். வெள்ளைக் களிக்குழம்பு பூசி அரைகுறையாக உலர்ந்த தட்டு, காலால் உதைத்துச் சுற்றும் சக்கரத்தில் ஏறுகிறது. வளைந்த மெல்லிய எஃகுத் தகடு ஒன்று அதைத் தொடுகிறது. பழைய கடிகாரச் சுருள்வில்லை வெட்டி இதைச் செய்துகொள்வதுண்டு. அழுத்திப் பிடித்தால் தகடு கீறிவிடும். தளர்த்திப் பிடித்தால்தான் துள்ளும். துள்ளி விழும் ஒவ்வொரு முறையும் வெள்ளையில் ஒரு செதில் பெயர்ந்து, அடியிலுள்ள இரும்புச் சத்து மிகுந்த கருமண் தெரிகிறது. மண்ணில் ஈரம் கூடினால் தகடு இழுபடும், காய்ந்துவிட்டால் கடிக்காது. நடுவில் நெருங்கி நிற்கும் கொத்துகள் விளிம்பை நோக்கிப் போகப் போக விலகுகின்றன. குயவரின் கால் எங்கே சற்றுத் தாமதித்தது என்பதுகூடத் தட்டில் பதிந்துவிடுகிறது. தூரிகை ஓவியம் எதிலும் இந்த உயிர்ப்பை நான் கண்டதில்லை.

இப்போது நகரத்துக் கடைகளில் இதே கொத்துகள் அச்சுப் படமாக வருகின்றன. விரலால் தடவினால் வழுக்குகிறது. பள்ளம் இல்லாத கொத்து என்ன கொத்து? விலை மலிவு என்று வாங்குகிறவர்களைவிட, வித்தியாசம் தெரிந்தும் அலமாரியில் அடுக்குகிற கடைக்காரர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

கொயிஷிவாரா என்னும் குயவர் ஊரிலிருந்து வந்த ஒருவர் 1705-இல் ஒன்தாவில் சூளை தொடங்கினார். யனாஸே, குரோகி, சகமோத்தோ, கொபுகுரோ என்று இன்றும் அதே சில வீட்டுப் பெயர்கள்தாம். 1931-இல் நாட்டார் கைவினை இயக்கத்தின் யனாகி சோயெட்சு வந்து பார்த்து எழுதினார். 1954-இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் வந்து சில வாரங்கள் தங்கி வேலை செய்தார். புகழ் வந்தபின்னும் ஊர் உற்பத்தியைப் பெருக்கவில்லை, காரணம் கராஉசு என்னும் நீருலக்கை. ஓடைநீர் மரத்தொட்டியில் நிறைந்ததும் அது ஏற்றமரம் போலச் சாய்ந்து கொட்டும். மறுமுனை உலக்கை மண்கட்டிமேல் விழும். இரவும் பகலும் வாரக்கணக்கில் இடித்தால்தான் மண் பதமாகும். ஓடை இடித்துத் தருகிற மண் எவ்வளவோ அவ்வளவுதான் பாத்திரம். அந்த உலக்கைச் சத்தத்தை ஜப்பான் அரசு 1996-இல் நாட்டின் நூறு ஒலிக்காட்சிகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2017 ஜூலை வெள்ளம் பல உலக்கைகளை நாசமாக்கியபோதும் மின்பொறிக்கு மாறாமல் மீண்டும் மரத்தையே செதுக்கினார்கள்.

கையெழுத்திட்ட பெட்டியோடு வரும் தேநீர்க் கிண்ணத்தைத் தேடும் சேகரிப்பாளர்களுக்கு ஒன்தா சலிப்பூட்டலாம். இங்கே எவரும் தம் பெயரைப் பாத்திரத்தில் பொறிப்பதில்லை. 1995-இல் அரசு தந்த ‘முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்து’ என்ற தகுதியும் தனியொரு குயவருக்கு அல்ல, ஊரின் சங்கத்துக்கு. அந்த ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிடித்த தட்டை வாங்குங்கள், தினமும் அதில் சாப்பிடுங்கள், கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.