திணை கடந்த ஜீனோ: சுஜாதாவின் அறிவியல் புனைவில் பின்மனிதவியக் கூறுகள்

மனிதனையே மையமாகவும் அளவுகோலாகவும் கொண்டு பிறவற்றை மதிப்பிடும் நோக்கினை வினவுவது பின்மனிதவியம். 1985இல் டோனா ஹாரவே வெளியிட்ட சைபோர்க் அறிக்கை, மனிதன்-விலங்கு, உயிரி-இயந்திரம், பருப்பொருள்-பருவடிவற்றது என்னும் மூன்று எல்லைகள் தளர்ந்து வருவதைச் சுட்டியது. அதே 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் இம்மூன்றும் கதைமாந்தராகவே உருப்பெற்றுள்ளன.

2021ஆம் ஆண்டைக் களமாகக் கொண்ட இந்நாவலில் ஜீனோ நாயுமாகும், இயந்திரமுமாகும். அது நூல்களைப் படிக்கிறது, வாதிடுகிறது, நிலாவுக்கு உற்ற துணையாகிறது. நாட்டை ஆளும் ஜீவாவோ ஒளியாலான பிம்பமே. மக்கள் பணியும் தலைவன் வெறுந்தோற்றமாகவும், உடைமையாகக் கருதப்பட்டது சிந்திக்கும் துணையாகவும் அமைவதே நாவலின் அடிப்படை முரண் எனலாம்.

இம்முரணை விளக்கத் தமிழ் இலக்கணமே நமக்குத் துணைபுரிகிறது. தொல்காப்பியம் மக்களை உயர்திணை என்கிறது. நன்னூலோ உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் திணை மாறி வழங்குவதை வழுவமைதியாக ஏற்கிறது. அன்பு மிகுதியால் பசுவைத் தாயெனச் சுட்டுவது இதற்குச் சான்று. ஆகவே திணை, பொருளின் இயல்பை மட்டுமன்றி, பேசுவோர் அதனோடு கொண்ட உறவையும் காட்டுகிறது. கதைசொல்லி ஜீனோவை அஃறிணை முடிபாலேயே சுட்டினும், வாசகரின் உவப்பு அதனை உயர்திணைக்கு அருகே கொண்டு சேர்க்கிறது. மாறாக, குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதியை நாடவேண்டிய குடிமக்களை அதிகாரத்தின் இழிப்பு அஃறிணையாக்குகிறது.

எனினும் ஜீனோ நம் மதிப்பைப் பெறுவது மனிதரைப் போலப் படிப்பதாலும் பேசுவதாலுமே. மொழியற்ற உயிர்க்கு இந்நாவலில் அத்தகைய இடமில்லை. ஆதலின் அளவுகோல் இன்னும் மனிதனிடமே உள்ளது என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

நாவல் சுட்டிய 2021 கடந்துவிட்டது. தமிழில் விடையளிக்கும் இயந்திரங்கள் மாணவர் கைக்கு வந்துவிட்டன. இந்நிலையில் திணைப் பாடம் விகுதிப் பயிற்சியோடு நின்றுவிடலாகாது. இயந்திரத்தை 'அது' என்பதா, 'அவர்' என்பதா என்று வினவும் மாணவரிடம், யாரை 'அது'வாக்கி வருகிறோம் என்ற வினாவையும் நாம் முன்வைத்தல் வேண்டும். அவ்வினாவை எழுப்ப 'என் இனிய இயந்திரா' ஏற்றதொரு பாடநூலாகும்.