வோல்ட்டும் கமகமும்

சிந்தசைசர் என்றதும் பலருக்கு மேடை ஓரத்தில் நிற்கும் கீபோர்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டைகள் சிந்தசைசரோடு கூடப் பிறந்தவை அல்ல. அவை வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் இந்த மரபின் முதல் இரண்டு பாணிகள் பிரிந்தன. மின்னிசைக் கருவி எதைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியை இது எப்படிப் பிடித்துவைக்கிறது? ஓர் அட்சரத்தை எத்தனையாகப் பிரிக்கத் தெரிந்திருக்கிறது? கமகத்திலும் நடையிலும் காது பழகியவருக்கு இயல்பாக எழும் கேள்விகள் இவை. இந்தக் கருவிகளைச் செய்தவர்களும் அறுபது ஆண்டுகளாக இவற்றோடுதான் மல்லாடி வந்திருக்கிறார்கள்.

முதலில் அமெரிக்காவின் கிழக்குக் கரை. 1964இல் நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில், ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ராபர்ட் மோக் தன் முதல் மாதிரியை உருவாக்கினார். அதற்கு முன்பே பாரிஸிலும் கொலோன் வானொலியிலும் மின்னிசைக் கூடங்கள் இருந்தன. அங்கே ஒலியைக் கையால் திருகி டேப்பில் பதிவார்கள்; பிறகு டேப்பைக் கத்தரித்து ஒட்டுவார்கள். சில நிமிட இசைக்கு மாதக்கணக்கில் உழைப்பு. மோக் செய்த மாற்றம், கை திருகிய இடத்தில் வோல்டேஜை வைத்தது. ஆசிலேட்டரின் சுருதி, ஃபில்டரின் திறப்பு, ஒலியின் அளவு மூன்றையும் வோல்டேஜே ஏற்றி இறக்கியது. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். இந்த எளிய விதிதான் இன்றுவரை நிலைத்திருக்கும் முதல் இலக்கணம்.

மோக் பாணியின் உயிர் ஃபில்டர். மேற்சுரங்கள் நிரம்பிய ரம்பப்பல் அலையை முதலில் எடுத்துக்கொண்டு, வேண்டாததைச் செதுக்கி நீக்குவது இந்த வழி. டிரான்சிஸ்டர்களை இணை இணையாக ஏணிப்படி போல அடுக்கிய அந்தச் சுற்றுக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் உச்சங்களை வெட்டும்போதும் அடித்தளத்தில் ஒரு சூடும் கனமும் தங்கிவிடும். இன்றைய கணினி மென்பொருள்களும் அதைத்தான் பின்பற்றப் பார்க்கின்றன. 1968இல் வெண்டி கார்லோஸ் பாக்கின் இசையை இந்தக் கருவியில் ஒவ்வொரு குரலாகப் பதிந்து வெளியிட்ட இசைத்தட்டு, மின்னிசையை ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. 1970இல் மினிமோக் வந்தது. மாட்யூல் என்ற தனித்தனிப் பகுதிகளைக் கம்பிகளால் இணைத்துக்கொண்டிருக்கும் வேலை போய், தூக்கிச் சென்று மேடையில் வாசிக்கும் கருவியானது சிந்தசைசர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஓர் அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். அப்படிப் பிரித்துக்கொடுப்பது கீபோர்டுதான். வோல்டேஜுக்குப் படி எதுவும் கிடையாது. சட்ஜத்துக்கும் ரிஷபத்துக்கும் இடையே அது தங்குதடையின்றி வழுக்கிச் செல்லும். மோக்கே விரலால் தடவி வாசிக்கும் ரிப்பன் ஒன்றையும் சேர்த்து விற்றார். சுரங்களுக்கு இடையே வழுக்கும் ஜாரு அந்த இலக்கணத்துக்கு உள்ளேயே இருந்தது. கட்டைகளுக்குப் பழகிய உலகம் ரிப்பனை ஓரங்கட்டியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மேற்குக் கரையில் டான் பூக்லாவுக்குக் கட்டைகளே வேண்டியிருக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரில் இருந்த மார்ட்டன் சுபோட்னிக், ரமோன் செண்டர் இருவரும் கேட்டுக்கொண்டதால் அவர் 1960களின் நடுவில் தன் கருவியைச் செய்தார். பழைய கருவியின் கட்டைகளை வைத்தால் பழைய இசைதான் வரும் என்பது அந்தக் குழுவின் உறுதி. ஆகவே தொட்டால் உணரும் உலோகத் தகடுகள். ஒலியை உருவாக்கும் வழியும் தலைகீழ். எளிய சைன் அலையில் தொடங்கி, அதை மடித்தும் ஒன்றால் இன்னொன்றை அசைத்தும் மேற்சுரங்களை வளர்ப்பார்கள். ஒலி அடங்கும் விதத்திலும் தனித்தன்மை உண்டு. சிறு விளக்கும் ஒளியுணரியும் ஒரே உறைக்குள் இருக்கும் வேக்ட்ரோல் என்ற பாகம் மெதுவாகத்தான் அணையும். ஓசை குறையும்போதே கூர்மையும் குறைவதால், மரத்தைத் தட்டியது போல, கஞ்சிராவில் விரல் பட்டது போல ஒரு முடிவு கிடைக்கும். தற்செயலான வோல்டேஜ்களைத் தருவதற்கென்றே ஒரு மாட்யூலும் உண்டு. சுபோட்னிக் 1967இல் இசைத்தட்டுக்காகவே இயற்றி வெளியிட்ட ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் தி மூன்’ இந்தப் பாணியின் முதல் பெரிய சான்று. மோக் பாணியைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது முதலில் பிடிபடாது. ஆனால் கற்றுக்கொள்ள அதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பாஸ்டன் அருகே ஆலன் பேர்ல்மன் நடத்திய ஆர்ப் நிறுவனம் கிழக்குக் கரை வழியையே இன்னும் சீரான சுருதியோடு தொடர்ந்தது. லண்டனில் பீட்டர் சினோவியெஃப் நடத்திய ஈஎம்எஸ் 1969இல் விசிஎஸ்-3 என்ற சிறு பெட்டியைத் தந்தது. கம்பிகளுக்குப் பதிலாகப் பதினாறுக்குப் பதினாறு துளைகள் கொண்ட பலகையில் ஊசிகளைச் செருகி ஒலிப்பாதையை அமைப்பார்கள். ராகம் பாட அது உதவாது. விசித்திர ஓசைகளுக்கு நிகரற்றது.

ஜப்பானில் கோர்க்கும் யமஹாவும் வேறோர் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டன. அங்கே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வோல்டேஜ் இரட்டிக்கும்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. சுற்று எளிது, ஆனால் மந்தர ஸ்தாயியில் அரைச்சுரங்களுக்கான இடம் மிகவும் குறுகிவிடும். ஒரு கோர்க் எம்எஸ்-20ஐ மோக் கருவியோடு நேராக இணைத்தால் சுருதி சேராது. பழைய கருவிகளை வாங்குவோர் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி காலம். சீக்வென்சர் என்பது, வரிசையாக வைத்த வோல்டேஜ்களை ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றாக வெளியே விடும் கருவி. மோக்கின் 960இல் எட்டு நிலைகள், மூன்று வரிசைக் குமிழ்கள். ஒவ்வொரு நிலைக்கும் கீழே ஒரு சிறு விசை இருக்கும். அதை நகர்த்தினால் அந்த நிலையைத் தாண்டிப் போகும். எட்டில் ஒன்றைத் தாண்டவிட்டால் ஏழு. மிஸ்ர சாபு தயார். மூன்றைத் தாண்டவிட்டால் கண்ட சாபு. இதை எந்தத் தாளத்துக்காகவும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பின்னால் வந்த பல பெட்டிகளை விட இந்தப் பழைய கருவி நம் தாளங்களுக்கு நெருங்கி நிற்கிறது.

பெர்லின் பாணி இதிலிருந்து பிறந்தது. டேஞ்சரின் ட்ரீம் குழுவினரும் கிளாஸ் ஷுல்ட்ஸேயும் சீக்வென்சரைச் சுழலவிட்டு, அது ஓடும்போதே குமிழ்களைத் திருகி, சுரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். 1974இல் வந்த ‘ஃபீட்ரா’வில் சுருதி வெப்பத்தில் நழுவுவதும் இசையின் பகுதியாகவே கேட்கும். மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடர் 1977இல் டோனா சம்மர் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டுக்கு அதே மோக்கை இயந்திரத் துல்லியத்தோடு ஓடவைத்தார். கருவி ஒன்றுதான், பாணி முற்றிலும் வேறு.

அதே 1977இல் ரோலண்ட் நிறுவனத்தின் எம்சி-8 வந்தது. சுரங்களை எண்களாகத் தட்டச்சு செய்து ஏற்றும் முறை அதில் வேரூன்றியது. இக்குதாரோ காகெஹாஷி 1972இல் ஒசாகாவில் தொடங்கிய நிறுவனம் அது. 1980இல் டிஆர்-808 தாளப்பெட்டி, 1981இல் டிபி-303. பாஸ் கிடார் வாசிப்பவர் இல்லாதபோது துணைக்கு வைத்துக்கொள்ளவென்று செய்த 303 அந்த வேலையில் தோற்று, 1984இல் உற்பத்தி நின்றது. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருந்தது. ஒவ்வொரு நிலைக்கும் ‘ஸ்லைடு’ என்று குறித்துவைக்கலாம். குறித்த இடத்தில் சுரம் வெட்டுப்படாமல் அடுத்ததற்கு வழுக்கிப் போகும். ஜாருவை எழுதிவைக்கும் பெட்டி என்றே இதைச் சொல்வேன். இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங். 1982இல் 303, 808, ஜூபிட்டர்-8 சிந்தசைசர் ஆகிய மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். சிகாகோவில் ஃப்யூச்சர் குழு இதே 303ஐ வைத்து ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியிட்டது 1987இல். சரண்ஜித்தின் தட்டு அன்று கவனிக்கப்படவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகே உலகம் வியந்தது.

நம் நாட்டில் இதற்கும் முந்தைய ஓர் அத்தியாயம் உண்டு. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மோக் கருவியை நிறுவினார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இயற்றிய இசை, டேப்புகளாகவே பல்லாண்டு கிடந்தது. பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்துத் தொகுத்தது அண்மையில்தான். வாய்ப்புக் கிடைத்தபோது நம்மவர்கள் உடனே இயற்றத் தொடங்கியிருக்கிறார்கள். தொடர்ச்சிதான் இல்லாமல் போனது.

1983 இந்த மரபின் பெரிய திருப்பம். ப்ராஃபெட்-5 சிந்தசைசரைச் செய்த டேவ் ஸ்மித், காகெஹாஷி இருவரும் முன்னின்று போட்டி நிறுவனங்களை ஒரே இலக்கணத்துக்கு இணங்கவைத்தார்கள். அதுதான் மிடி. ஐந்து ஊசிச் செருகி, நொடிக்கு 31,250 பிட் வேகம், 16 சேனல்கள், 128 சுரங்கள். அந்த ஜனவரியில் ஓர் அமெரிக்கக் கருவியையும் ஒரு ஜப்பானியக் கருவியையும் கண்காட்சி அரங்கில் ஒரு கம்பியால் இணைத்து வாசித்துக் காட்டினார்கள். காப்புரிமைக் கட்டணம் எதுவும் கேட்காமல் அதை உலகுக்குக் கொடுத்தது பெருந்தன்மை. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தியதும், 1992இல் ‘ரோஜா’வில் ஏ. ஆர். ரஹ்மான் அந்த வழியை முழுமையாக்கியதும், கோடம்பாக்கத்தில் கீபோர்டு ப்ரோகிராமர் என்ற தொழில் வேரூன்றியதும் மிடி திறந்துவிட்ட காலத்தில்தான்.

ஆனால் என் இரண்டு கேள்விகளுக்கும் மிடி தரும் பதில் குறையுள்ளது. சுரம் அங்கே ஓர் எண். 60க்கும் 61க்கும் நடுவில் எதுவும் இல்லை. அசைவுக்கென்று பிட்ச் பெண்டு தனியே இருக்கிறது. அதில் 16,384 படிகள், நுண்மைக்குப் பஞ்சமில்லை. குறை எங்கே என்றால், சுரத்தைத் தொடும் கை ஒன்று, அசைக்கும் கை இன்னொன்று. வீணையில் கமகம் மெட்டை அழுத்தும் அதே விரலில் பிறக்கிறது. கீபோர்டில் கே. சத்யநாராயணன் போன்றவர்கள் இடது கையால் பிட்ச் பெண்டுச் சக்கரத்தை அசைத்தே கச்சேரி முழுவதும் வாசித்துக் காட்டுவது அசாத்தியமான சாதகம். அவ்வளவு சாதகத்தைக் கேட்கிறதென்றால் இலக்கணம் ஏதோ ஒன்றை வெளியே விட்டுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். தவிர, அந்தச் சக்கரம் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே அசைக்கும்.

காலக் கணக்கும் அப்படியே. மிடி கடிகாரம் ஓர் அடிக்கு 24 துடிப்புகள் அனுப்பும். 24ஐ நான்கால் வகுக்கலாம், மூன்றால் வகுக்கலாம். சதுஸ்ரமும் திஸ்ரமும் சரியாக விழும். ஐந்தாலும் ஏழாலும் வகுபடாது. கண்ட நடையும் மிஸ்ர நடையும் துடிப்புகளுக்கு இடையில் போய் விழும். இன்றைய மென்பொருள்கள் உள்ளுக்குள் ஓர் அடியை 480 ஆகவோ 960 ஆகவோ பிரித்துக்கொள்கின்றன. கண்டத்துக்கு அது போதும். ஏழால் 960உம் வகுபடாது. அருகிலுள்ள துடிப்புக்குத் தள்ளித்தான் வைக்கும். காது பிடிக்காத அளவு சிறிய பிழைதான், ஆனாலும் எந்த இசையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது.

அதே 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்-7 ஒலியிலும் புது வழி காட்டியது. 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் ஒரு சுரத்தின் அசைவை வேகப்படுத்திக்கொண்டே போனார். ஓர் எல்லைக்கு மேல் அது அசைவாகக் கேட்கவில்லை. புதிய நாதமாகக் கேட்டது. மணி, வெண்கலம், மின் பியானோ எல்லாம் அதிலிருந்து வந்தன. சுரத்தின் அசைவான கம்பிதமே வேகம் கூடினால் நாதத்தின் நிறமாகிவிடுகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பைவிட அழகானது இந்த மரபில் வேறில்லை.

மிடி விட்ட இடத்தைச் செப்பனிடும் வேலை இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் லிப்போல்ட் ஹேக்கன் செய்த கண்டினம் போன்ற கருவிகளில் நடந்தது. கட்டையே இல்லாத மெத்தென்ற பரப்பு. விரலை நகர்த்தினால் சுருதி நகரும், அழுத்தினால் ஒலி மாறும். ‘தில்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாட்டின் இறுதியில் ரஹ்மான் அதை வாசித்திருக்கிறார். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் கொடுக்கும் எம்பிஇ முறை 2018இல் மிடி தரத்தில் ஏற்கப்பட்டது. 2020இல் வெளியான மிடி 2.0 சுரத்துக்குச் சுரம் தனி அசைவை அடிப்படையிலேயே சேர்த்துக்கொண்டது. முதல் கேள்விக்கு ஒருவழியாக நல்ல பதில் கிடைத்துவிட்டது. கடிகாரம் மட்டும் இன்னும் 24தான்.

இரண்டாவது கேள்விக்கான பதில் பழைய வோல்டேஜ் வழியிலேயே இருக்கிறது. மியூனிக் அருகே டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் தொடங்கிய யூரோராக் முறையில் 128.5 மில்லிமீட்டர் உயர மாட்யூல்களை யாரும் செய்யலாம், யாருடையதோடும் இணைக்கலாம். மோக் ஃபில்டரும் பூக்லா அலைமடிப்பும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டதால் கரைச் சண்டை ஏறத்தாழ ஓய்ந்தது. மாட்யூல்கள் விலை அதிகம். இளைஞர்கள் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் இதே இலக்கணத்தைப் பழகலாம். அங்கே ஒரு கடிகார மாட்யூலை வைத்து, அதன் துடிப்பை ஏழால் பெருக்கி, ஒரு வேக்ட்ரோல் வகை மாட்யூலைத் தட்டவிட்டுப் பாருங்கள். 24 என்ற எண்ணின் குறுக்கீடு இல்லாமல், ஓர் அட்சரத்துக்கு ஏழு என்று மிஸ்ர நடை சரியாக விழும்.